கடைக்குப் போன கம்ப்யூட்டர்

ஆரணி
7-6-2004

அன்புள்ள லீலாவுக்கு,

நலம். நீயும் மாமாவும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் செய்தால் மாமாதான் எடுக்கிறார். "மில்லுல லோடு ஏத்திகினு இருக்காங்க மாப்ள, அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிடுகிறார். வீட்டுப் போனுக்கும் மில்லு லோடுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. ஆரணியிலிருந்து பக்கத்தில் இருக்கிற களம்பூருக்குக் கடிதம் போடுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தபால் ஆபீசில் முகவரியைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

விஷயம் கம்ப்யூட்டரைப் பற்றியது. ஒரு வாரமாகத் திரையில் ஊதாக் கோடுகள் விழுகின்றன. முதலில் ஒன்றிரண்டுதான் இருந்தன. இப்போது தறியில் பாவு நூல் இழுத்துக் கட்டிய மாதிரி மேலிருந்து கீழ்வரை நிற்கின்றன. அருணகிரி அண்ணன் தன் தறிகளில் ஆவணி முகூர்த்தத்துக்குப் பட்டுப் புடவை போடுகிறார், புது முந்தானை கேட்டார். நீ தை மாதம் தொடங்கிப் பாதியில் விட்டிருந்த அன்னப்பட்சி முந்தானையைக் காட்டினேன். அதுதான் வேண்டும், முடித்துக் கொடு என்கிறார். அதைத் திறந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. நீ போன பிறகு வேலைக்கு வைத்தேனே இளவரசன், அவன், "இந்த டிஸ்ப்ளேல வேல செஞ்சா என் கண்ணு போயிடும்ணா" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குக் கிளம்பிவிட்டான். மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். "நாலு வருஷத்து மெஷினுங்க. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க" என்றார். உன் டிசைன் எல்லாம் அதில்தானே இருக்கிறது. எனக்கு மனசு வரவில்லை.

என்ன செய்யலாம் என்று எழுது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. அம்மா நன்றாக இருக்கிறார்.

அன்புடன்,
குமரேசன்

* * *

களம்பூர்
10-6-2004

கடிதம் கிடைத்தது.

தூக்கிப் போட வேண்டாம். டிசைன்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன. கோடு விழுவது டிஸ்ப்ளேயில். இரண்டும் வேறு வேறு.

பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கேட்டு அவர்கள் மானிட்டரை ஒரு மணி நேரம் வாங்கி வந்து மாட்டிப் பாருங்கள். அதிலும் கோடு விழுந்தால் நம் மானிட்டரில் பழுது இல்லை என்று அர்த்தம். அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் கம்ப்யூட்டரில் படம் காட்டுகிற பகுதி மதர்போர்டிலேயே சேர்ந்து வந்தது. அதற்குத் தனி மெமரி கிடையாது. கம்ப்யூட்டரின் மெமரியிலிருந்துதான் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். முழு முந்தானையைத் திறந்தால் திணறுவது அதனால்தான். நான் இருந்தபோதே திணறியது. தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் சொருகினால் படம் காட்டும் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். கரண்டை நிறுத்தி வயரையும் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே வெள்ளை நிறத்தில் நீளமான ஸ்லாட்டுகள் வரிசையாக இருக்கும். அவற்றின் பக்கத்தில் காப்பிக் கொட்டை நிறத்தில், கொஞ்சம் குட்டையாக இன்னொன்று இருக்கிறதா, இல்லையா? பார்த்து எழுதுங்கள். அது இருந்தால் ஒரு வகைக் கார்டு, இல்லாவிட்டால் வேறு வகை. தெரியாமல் வாங்காதீர்கள்.

கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் எழுதினால் பதில் போடுவேன்.

லீலா

* * *

ஆரணி
16-6-2004

அன்புள்ள லீலாவுக்கு,

நீ சொன்னதுபோல் ஜெராக்ஸ் கடை மானிட்டரை மாட்டிப் பார்த்தேன். அதிலும் அதே கோடுகள். மானிட்டர் தப்பித்தது.

கார்டு மாற்ற வேண்டும் என்று அருணகிரி அண்ணனிடம் சொன்னேன். "கார்டுன்னா அட்ட அடிக்கிறவர்கிட்ட போப்பா, அதுக்கு ஏன் கம்ப்யூட்டர் கடைக்குப் போற?" என்றார். இந்த ஊரில் கார்டு என்றால் ஜக்கார்டுத் தறிக்கு ஓட்டை போடுகிற அட்டைதான். அவருக்கு விளக்குவதற்குள் டீ ஆறிவிட்டது.

அப்புறம் ஒரு தப்பு நடந்துவிட்டது. அண்ணன் ஜல்தி ஜல்தி என்று அவசரப்படுத்தியதால், உள்ளே பார்க்காமலே பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கார்டு வாங்கிவிட்டேன். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து தகட்டைக் கழற்றினேன். நீ சொன்ன காப்பிக் கொட்டை நிறம் எங்கேயும் இல்லை. வெள்ளை ஸ்லாட்டுகள் மூன்று மட்டும்தான். வாங்கிவிட்டோமே என்று வெள்ளையில் வைத்து அழுத்திப் பார்த்தேன். போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

உள்ளே பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது லீலா. காத்தாடி முழுக்கப் பட்டுத் துணுக்கு. சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள் எல்லாம் பஞ்சாகச் சுருண்டு கிடக்கிறது. நடுவில் ஜரிகை ஒன்று மினுங்குகிறது. கடையில் நூல் பிரிக்கிற இடத்திலேயே இதை வைத்தது என் தப்புத்தான். பிரஷ் போட்டுத் துடைத்தேன்.

நீ வந்தால் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவாய். ஒரு நாள் வந்துவிட்டுப் போயேன். வந்தால் அம்மாவும் சந்தோஷப்படுவார்.

குமரேசன்

* * *

களம்பூர்
20-6-2004

பார்த்து எழுதுங்கள், தெரியாமல் வாங்காதீர்கள் என்று எழுதியிருந்தேன். நீங்கள் பார்க்காமல் வாங்கிவிட்டு, வாங்கியதை வைத்து அழுத்தியிருக்கிறீர்கள். போகாத இடத்தில் போகவில்லை என்றால் அது அதனுடைய இடம் இல்லை. நீங்கள் வாங்கியது ஏஜிபி. நம் போர்டில் அதற்கு இடம் கிடையாது என்று இப்போது தெரிந்துவிட்டது. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிசிஐ கார்டு என்று கேளுங்கள். ஆரணியில் கிடைக்காது. வேலூரில் கிடைக்கலாம். வெள்ளை ஸ்லாட்டில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்று போயிருந்தாலும் இன்னும் இரண்டு இருக்கின்றன.

கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் என்று சொல்லியிருந்தேன். அத்தை சந்தோஷப்படுவார் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். ஆகவே நானும் எழுதுகிறேன்.

மாசி மாதம் உங்கள் சித்தி மகளுக்கு வளைகாப்பு முடிந்து எல்லாரும் நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அத்தை அத்தனை பேர் நடுவில் சொன்னார்: "எந்நேரமும் அந்தப் பொட்டி முன்னாடியே குந்திகினு கீறா. அந்தச் சூட்டுல வயித்துல இன்னா தங்கும்?" சித்தி என் வயிற்றைப் பார்த்தார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனீர்கள். அத்தை சொன்னதைவிட எனக்கு அந்தச் சட்டைதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

மறுநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது மேஜை காலியாக இருந்தது. கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். கேட்டதற்கு, "அம்மா சொல்லிகினே கீறாங்க, ஒரே பேஜாரு. கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்" என்றீர்கள். அதில் போளூரில் நான் படித்த ஒரு வருடப் படிப்பு இருந்தது. நாலு வருடம் நான் போட்ட டிசைன்கள் இருந்தன. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் அம்மாவோடு இரண்டு தடவை வேலூருக்குப் போய் எல்லா டெஸ்டும் எடுத்துக்கொண்டேன். உங்களுக்கு ஒன்றும் இல்லை, உங்கள் வீட்டுக்காரரையும் அழைத்து வாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். அதை உங்களிடம் சொன்னபோது என்ன சொன்னீர்கள்? "எனக்கின்னா கொறச்சல்?" அதை அத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அரை மணி நேர வேலைக்கு நான் வர மாட்டேன்.

லீலா

* * *

ஆரணி
2-7-2004

லீலா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். எதை எழுதினாலும் அம்மாவைக் காப்பாற்றுகிற மாதிரியோ என்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரியோதான் வந்தது. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வேலூர் போனேன். இரண்டு மூன்று கடை ஏறி இறங்கியதில் பிசிஐ கார்டு ஒன்று கிடைத்தது. "இதெல்லாம் யாருங்க இப்ப வாங்குறாங்க?" என்று கடைக்காரர் தூசி தட்டிக் கொடுத்தார்.

அதை வாங்கிய பிறகு மணி பதினொன்றுதான். பஸ் ஏறியிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆரணி வந்திருப்பேன். ஏறவில்லை. கார்டு டப்பாவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீ போன அதே இடம்தான். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். நான் மட்டும் தனியாக. "மனைவி வரலையா?" என்று நர்ஸ் கேட்டார். "அவங்க ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டாங்க" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. நீ இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உன்னையும் இப்படித்தானே கேட்டிருப்பார்கள். டெஸ்ட் எடுத்தாகிவிட்டது. ரிசல்ட் அடுத்த வாரம்.

கார்டு இந்தத் தடவை வெள்ளை ஸ்லாட்டில் தானாகவே உட்கார்ந்தது. திருகு போட்டு முடுக்கினேன். ஆன் செய்தேன். காத்தாடி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கிறது. முன்பாவது கோடு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கெடுத்துவிட்டேனா?

குமரேசன்

* * *

களம்பூர்
5-7-2004

கெடவில்லை. மானிட்டர் வயரைப் பழைய இடத்திலேயே மாட்டியிருப்பீர்கள். கேபினெட்டின் பின்பக்கம் பாருங்கள். புதுக் கார்டிலேயே அதேபோல நீல நிறத்தில் ஒன்று இருக்கும். அதில் மாட்டுங்கள். புதுக் கார்டைச் சொருகியதும் பழையது தானாக நின்றுவிடும். படம் வந்த பிறகு டப்பாவில் இருக்கிற சிடியைப் போட்டு டிரைவரை ஏற்றுங்கள். நிறங்கள் அப்போதுதான் சரியாக வரும்.

நர்ஸ் என்னையும் கேட்டார். "அவருக்குக் கடையில வேலை" என்று சொன்னேன். இரண்டாவது தடவையும் அதையே சொன்னேன்.

ரிசல்ட் எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். நல்லது என்றால் மட்டும் எழுதலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

லீலா

* * *

ஆரணி
13-7-2004

லீலா,

வயர்தான். மாற்றி மாட்டியதும் படம் வந்துவிட்டது. கோடு ஒன்றுகூட இல்லை. சிடியும் போட்டேன். அன்னப்பட்சி முந்தானையைத் திறந்தேன். கண் மூடித் திறப்பதற்குள் முழுசும் வந்து நின்றது. பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். ஒரு அன்னத்தின் கழுத்து வளைவுக்கே எத்தனை கட்டம்! பக்கத்து அன்னத்தின் கழுத்தை நீ இன்னும் கொஞ்சம் சாய்த்திருக்கிறாய். ஒன்றைப் போட்டுவிட்டு அப்படியே காப்பி அடிப்பாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வருகிறவர்களிடம் எல்லாம் "கம்ப்யூட்டர் போட்ட டிசைனுங்க" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறேன். கம்ப்யூட்டர் ஒன்றும் போடவில்லை.

ரிசல்ட் வந்துவிட்டது. குறை என்னிடம்தான். அணுக்களின் எண்ணிக்கை ரொம்பக் கம்மி என்றார் டாக்டர். மருந்து கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். பஸ்ஸில் வரும்போது கண்ணமங்கலம் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்தேன்.

"வேலூர்ல டெஸ்ட் எடுத்தேன்மா. கொற எங்கிட்டதான் கீது. லீலாவுக்கு ஒண்ணும் இல்ல."

"எவன்டா சொன்னது?"

"டாக்டரு."

"அவங்க சொல்லுவாங்க. நம்ம வம்சத்துல யாருக்குடா அப்பிடி?" என்றார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "சரி, இத வெளிய யார்கிட்டயும் சொல்லிகினு இருக்காத."

"அவளச் சொன்னப்ப தெருவுக்கே கேட்டுச்சேம்மா."

அம்மா ரிமோட்டைக் கையில் எடுத்தார். சத்தத்தைக் கூட்டவில்லை. சும்மா கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சித்தி வீட்டுக்குப் போய் அங்கேயும் சொல்லிவிட்டேன். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். சித்தி, "எங்கிட்ட ஏன்டா இதெல்லாம் சொல்ற?" என்றார். "அன்னிக்கு நீங்களும்தான இருந்தீங்க சித்தி" என்றேன். காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

கம்ப்யூட்டரை மறுபடி வீட்டில் உன் மேஜைக்கே கொண்டுவந்துவிடுகிறேன். நீ வா.

குமரேசன்

* * *

களம்பூர்
17-7-2004

உங்களுக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நீங்கள் நினைத்திருந்தால், வரவில்லை. அழுதேன். யாருக்காக என்று எனக்கே தெரியவில்லை. மில்லிலிருந்து வந்த அப்பா, "இன்னாம்மா எழுதியிருக்காரு?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர் சரியாயிடுச்சாம்" என்றேன். "அதுக்கா அழுவுற?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

குறை என்று எழுதாதீர்கள். என்னைச் சொன்னபோது வலித்த வார்த்தை. உங்களைச் சொன்னாலும் அது அதே வார்த்தைதான். மருந்தை விடாமல் சாப்பிடுங்கள். மூன்று மாதம் கழித்துப் போகும்போது நானும் வருகிறேன். அந்த வரிசையில் இரண்டு பேருமே தனித்தனியாக உட்கார்ந்தது போதும்.

கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். அங்கிருந்து அது போனதும் ஒருவர் சொல்லித்தான், திரும்பி வருவதும் ஒருவர் சொல்லித்தான். கடையிலேயே இருக்கட்டும். நூல் பிரிக்கிற இடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு தடுப்பு மட்டும் போடுங்கள். நான் கடைக்கு வருகிறேன். திங்கட்கிழமை முதல் காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுவேன். முந்தானையை நான்தான் முடிப்பேன். அருணகிரி அண்ணனிடம் லீலா போட்டது என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வருவதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். வர மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கே இன்னும் தெரியவில்லை.

கடையில் வேலையைப் பற்றிப் பேசலாம். மற்றதைத் தபாலில் எழுதுங்கள். எதிரில் உட்கார்ந்தால் நீங்கள் "சரி, சரி" என்றே சொல்லிவிடுவீர்கள். எழுதினால்தான் யோசிக்கிறீர்கள்.

லீலா

* * *

ஆரணி
29-7-2004

அன்புள்ள லீலாவுக்கு,

இதை உன் பையில் போட்டுவிட்டிருக்கலாம். நீ தபாலில் என்று சொன்னதால் ஸ்டாம்பு ஒட்டுகிறேன். பத்து நாளாக ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாய். கத்திரிப்பூ நிறம் போதுமா, பார்டரை ஒரு விரல் குறைக்கலாமா என்றுதான் பேசுகிறோம். எனக்கு அதுவே நிறைவாக இருக்கிறது. அருணகிரி அண்ணன் நேற்று முந்தானையைப் பார்த்துவிட்டு உன்னிடம் நேராகவே பேசினார். நான் பில் எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

நேற்று நீ பஸ் ஏறியதும் அம்மா கடைக்கு வந்தார். நீ போகிற நேரம் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும். "இன்னா போட்டுகினு கீறா, காட்டு" என்றார். திறந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இதெல்லாம் அவ கையால போட்டதா?" என்றார். ஆமாம் என்றேன்.

"நாளைக்கும் வருவாளா?"

"கடைக்கு வருவா."

"அவகிட்ட இன்னான்னு போயி நான் நிக்கிறது?" என்றார். "எனக்குத் தெரியலம்மா. அது நீ யோசிக்க வேண்டியது" என்றேன். முன்பென்றால் நானே ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை களம்பூர் வர வேண்டும் என்கிறார். பூ, பழம் எல்லாம் வேண்டாம், வெறும் கையோடு வருகிறேன் என்கிறார். நீ சொன்னால்தான் அழைத்து வருவேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

குமரேசன்

* * *

களம்பூர்
31-7-2004

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அன்றைக்கு மில் லீவு. அப்பா வீட்டில் இருப்பார். அவர் ஏதாவது சொல்லுவார், அத்தை ஏதாவது சொல்லுவார், பிறகு அது அவர்கள் இரண்டு பேர் சண்டையாகிவிடும்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் அத்தையைக் கடைக்கு வரச் சொல்லுங்கள். நான் இருக்கிற நேரத்தில். என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். அவர் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு வர வேண்டியதில்லை. முதலில் நான் பேசுகிறேன், அவர் கேட்கட்டும். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அழுதாலும் அழுவேன். சத்தம் போட்டாலும் போடுவேன்.

நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். ஆனால் எழுந்து வெளியே போகாதீர்கள்.

லீலா